அறுபதில் வராத சத்தம்

எனக்கு வேகம் என்றால் பயம். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினால் ஓட்டுகிறவனின் சட்டை கசங்கும்வரை இறுக்கிப் பிடிப்பேன். பஸ்ஸில் போனால் சாரதி பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் நானும் காலை ஊன்றுவேன். பக்கத்தில் இருக்கும் என் மனைவி, "நீங்க மிதிச்சித்தான் பஸ் நிக்கிதாக்கும்" என்று சிரிப்பாள். இப்படிப்பட்டவனுக்கு அல்லாஹ் படியளந்த தொழில், கோளாறான வாகனங்களை வேகமாக ஓடவிட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுச் சொல்வது. இதைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். பரவாயில்லை.

முழங்கால் விட்டுப்போனதால் கராஜிலிருந்து விலகிவிட்டேன். வாகனத்துக்குக் கீழே போனால் மேலே வர இன்னோர் ஆள் தேவைப்பட்டது. இப்போது கல்முனையில் அந்த இடத்தை நடத்துகிறவர் இம்தியாஸ். கெட்டிக்காரர். அவரிடம் ஒரு கருவி இருக்கிறது. வயரைச் செருகினால் எஞ்சினுக்குள் என்ன பிழை என்று திரையில் எழுதிக் காட்டும். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். என் காலத்தில் அது இருந்திருந்தால் எத்தனையோ தடவை நடுங்காமல் தப்பியிருப்பேன். ஆனால் என் மருமகனின் பிக்கப்பில் அந்தத் திரை ஒரு பிழையும் காட்டவில்லை. அந்தக் கதை இப்போது ஊரில் பலவிதமாக உலாவுகிறது. நான் தரையில் காதை வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்தேன் என்கிறார்கள். ஓதி ஊதினேன் என்றும் ஒருவர் சொல்லித் திரிகிறாராம்.

"நீங்களே எழுதித் தாங்க பாஸ். நம்மட கராஜ் ஆக்களுக்கு வாசிக்கக் குடுப்பம்" என்று இம்தியாஸ் கேட்டார். சரி, எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது பாண்டிருப்பில், தம்பிராசா பாஸிடம். கராஜில் தலைமை மெக்கானிக்கை எங்கள் பக்கம் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பழகிய காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிரீஸ், டீசல், திட்டு. எல்லாருக்கும் அப்படித்தான். ஆனால் அவர் வாகனத்தைப் பரீட்சிக்கிற விதத்தைச் சொல்லாமல் விட முடியாது.

வாகனம் வந்ததும் பொனட்டைத் திறக்கமாட்டார். சொந்தக்காரருக்கு ஒரு கதிரை போட்டு, தானும் ஒரு கதிரையில் இருந்து, ஆறுதலாகக் கேட்பார். சத்தம் எப்ப வருது? எத்தனையில வருது? என்ன ஏத்தினா வருது? "எப்பவும் வருது பாஸ்" என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "எப்பவும் வாறதெண்டா இப்ப வரட்டுமே. நானும் இருந்து கேக்கன்" என்று கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

பிறகு வேறொருவரை ஓட்டவிட்டு, தான் இடப்பக்கம் ஏறுவார். செருப்பைக் கழற்றி வெறும் உள்ளங்காலைத் தளத்தில் பதிப்பார். வாயில் வெற்றிலை இருக்கும். யாரும் கதைக்கக் கூடாது. மென்றுகொண்டே போவார். மெல்லுவது நின்றால் சத்தம் கேட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே ஒரு விரலைத் தூக்குவார். ஓட்டுகிறவர் கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளவேண்டும். எஞ்சின் அடங்கிவிடும், வாகனம் தன் பாட்டில் உருளும். எஞ்சினோடு சத்தமும் அடங்கினால் கோளாறு எஞ்சினில். எஞ்சின் அடங்கியும் சத்தம் உருளுகிற சில்லுகளோடு சேர்ந்து ஓடினால் கோளாறு கியர் பெட்டிக்குப் பின்னால். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் வாகனத்தை நிறுத்திவைத்து, ஓடும்போது எஞ்சின் எவ்வளவு சுற்றியதோ அவ்வளவுக்கு முறுக்கிப் பார்ப்பார். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்தும் ஓட்டிப் பார்ப்பார். "எஞ்சினோட ஓடுதா, சில்லோட ஓடுதா எண்டு தெரிஞ்சாப் பாதி வேல முடிஞ்சிது" என்பார்.

என்னை முதன்முதலாக நடுவில் உட்காரவைத்துப் போன அன்று, நான் பயத்தில் அவருடைய தொடையைக் கிள்ளிவிட்டேன்.

"என்னடா?"

"சத்தம் மாறிட்டு பாஸ்."

"எனக்குக் கேக்கல்லயே."

கொஞ்சத் தூரம் போனதும் அவர் மெல்லுவது நின்றது. திரும்பி வந்து இறங்கியதும் கராஜில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இனி ரோட்டுக்குப் போகக்கொள்ள இவனக் கூட்டிட்டுத்தான் போவன். பயந்தவனுக்குக் கெதியாக் கேக்குது." அன்றிலிருந்து என் பயமும் ஜாக்கி, ஸ்பேனர் போல கராஜின் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. கேட்கிறவர்களுக்கெல்லாம் இரவல் போனது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பிறகு நான் ஏன் அப்படி நடுங்கினேன் என்று விளங்காது. ஒருநாள் தம்பிராசா பாஸோடு அம்பாறை வீதியில் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் செங்கல் ஏற்றிய லொறி ஒன்று போனது. திடீரென்று அதன் வயிற்றுக்குக் கீழே தீப்பொறி பறந்தது. எஞ்சினின் சுழற்சியைப் பின்சில்லுக்குக் கொண்டுபோகிற நீளமான இரும்புக் குழாயை நாங்கள் 'சாஃப்ட்' என்போம். அந்தச் சாஃப்ட்டின் முன்முனை கழன்று விழுந்துவிட்டது. பின்முனை கழன்றால் இழுபட்டுக்கொண்டு வரும், தப்பலாம். முன்முனை விழுந்தால் தாரில் குத்தி நிற்கும். வாகனம் அதன்மேல் எழும்பும். அந்த லொறி எழும்பியதை நான் பார்த்தேன். பிறகு அது வாய்க்காலுக்குள் தலைகீழாகக் கிடந்ததையும் பார்த்தேன். சாரதியை வெளியே எடுத்தோம். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. தம்பிராசா பாஸ் அன்று முழுக்க வெற்றிலையைத் தொடவில்லை.

இனி என் மருமகனின் கதை.

நௌஸாத் என் மகள் பர்ஸானாவை முடித்து, எங்கள் ஊர் வழக்கப்படி எங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. மீன் வியாபாரம். விடியற்காலையில் கடற்கரையில் மீனை வாங்கி, ஐஸ் போட்டு, பிக்கப்பில் ஏற்றி, அம்பாறை, மகா ஓயா வழியாக மஹியங்கனைக்குக் கொண்டுபோவார். அடக்கமான பிள்ளை. நான் நின்றால் உட்காரமாட்டார். நான் உட்கார்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். வந்த நாளிலிருந்து என்னோடு கதைத்ததில் பாதி "ஓம் மாமா", மீதி "இல்ல மாமா". மருமகன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று ஊரில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது பர்ஸானா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"வாப்பா, இவருக்கு வண்டி ஓட்டப் பயம். செல்ல மாட்டார். ஆனா நித்திரையில கால் உதறுது. பிரேக் மிதிக்கிற மாதிரி."

"வண்டியில என்னயாம்?"

"எஞ்சின் ஆடுதாம். அடிக்கிற மாதிரிச் சத்தமாம். ரெண்டு கராஜில காட்டிட்டார்."

"வீட்டுல நான் இரிக்கக்கொள்ள?"

"'மாமாவ மீன் தண்ணிக்குக் கீழ படுக்க வைக்கிறதா'ண்டு கேக்கார் வாப்பா."

நித்திரையில் பிரேக் மிதிக்கிற கால் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். என் கால் அது. அன்றே நௌஸாத்தைக் கூப்பிட்டு, நாளைக்கு வெள்ளிக்கிழமை, பயணம் இல்லைதானே, வண்டியைக் காட்டுங்கள் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சம்மதித்தார்.

காலையில் வண்டியைப் பார்த்து அசந்துபோனேன். பெட்டியைச் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்திருந்தார். கீழ்ப்பக்கமெல்லாம் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார். உள்ளே புதுக் கால்விரிப்பு, கண்ணாடியில் வாசனைப் போத்தல். மீன் வண்டி என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். கராஜுக்கு வருகிற மீன் வண்டிக்காரர்கள் எல்லாரும் கொஞ்சம் கழுவிக்கொண்டுதான் வருவார்கள், தொழுகிற உடுப்போடு ஒருவன் கீழே படுக்கப்போகிறான் என்கிற மரியாதை அது. ஆனால் இது மாமனாருக்கான கழுவல்.

"எத்தனையில வருது மகன்?"

"அறுவதுல மாமா. லேசாத்தான்."

நிந்தவூர்ப் பக்கம் போனோம். அறுபதில் ஓட்டச் சொன்னேன். ஓட்டினார். வெறும் காலைப் பதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒன்றும் இல்லை. எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடியது. நிறுத்தி முறுக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இம்தியாஸ் வயரைச் செருகிப் பார்த்தார். அங்கும் ஒன்றும் இல்லை. ஏற்கனவே பார்த்த ஒரு கராஜில் இன்ஜெக்டர்களையும், எஞ்சின் உட்காருகிற ரப்பர்களையும் மாற்றியிருந்தார்கள். மற்றக் கராஜில் எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பொறுங்கள், பிரிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். ஆனால் அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை ஸுபஹுக்கே நௌஸாத் போய்விட்டார். நான் ஹோலில் உட்கார்ந்து பர்ஸானாவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் ஆறிப்போனது. நாங்கள் காலை இடியப்பத்துக்கு உட்கார்ந்தபோது போன் வந்தது. "மஹியங்கனைக்குப் போய்ச் சேந்துட்டாராம் வாப்பா" என்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஒரு வாய் வைத்தேன். பிறகு கை நின்றுவிட்டது.

அறுபதில் போகிற வண்டி இடியப்ப நேரத்துக்கு மஹியங்கனையில் நிற்காது. மகா ஓயாவைத்தான் தாண்டியிருக்கும்.

கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது பயம். நான் அறுபதில் தேடிய சத்தம் வேறொரு வேகத்தில் இருக்கிறது. அந்த வேகம் எது என்று தெரிந்த ஒரே ஆள், என்னைப் பார்த்தால் எழுந்து போய்விடுகிற என் மருமகன். மாமனாரிடம் போய், உங்கள் மகளின் கணவன் இவ்வளவு வேகமாக ஓட்டுகிறான் என்று எந்த மாப்பிள்ளை சொல்வான்?

பின்னேரம் அவர் திரும்பி வந்து வாசல் படலையடியில் வண்டியைக் கழுவத் தொடங்கினார். நான் வீட்டுக்குள்ளிருந்து இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய் வண்டிக்குப் பக்கத்தில் போட்டேன்.

"பைப்ப மூடுங்க மகன். இதுல இருங்க."

"பரவால்ல மாமா, நிக்கன்."

"மாமா உள்ள இரிக்கார். இது கராஜ். கராஜுக்கு வாற ஆக்கள் என்னய என்னண்டு கூப்பிர்ற?"

அவர் முழித்தார். "பாஸ் எண்டு."

"அப்ப அப்பிடிக் கூப்பிடுங்க. இருங்க."

கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்துவிட்டு ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார், மாமி நிற்கிறாளா என்று. நான் தம்பிராசா பாஸைப்போல ஆறுதலாகக் கேட்டேன்.

"எத்தனையில வருது?"

கையில் இருந்த பைப்பைத் தரையில் வைத்தார்.

"எம்பதுல தொடங்குது பாஸ். தொண்ணூறில கூடுது. நூறுக்குக் கிட்டப் போனாக் கொஞ்சம் குறையிற மாதிரி."

நூறு. என் மகளின் கணவன். மாமாவாக இருந்திருந்தால் எழும்பிக் கத்தியிருப்பேன். ஆனால் பாஸுக்கு மகள் இல்லை. அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"என்ன ஏத்தினா வருது?"

"மீனும் ஐஸும் நிறைய இரிந்தாத்தான். வெறுமையா வரக்கொள்ள இல்ல."

"அப்ப நாளைக்கு நானும் வாறன். கழுவாதீங்க. ஒரு சொட்டுத் தண்ணியும் அடிக்கக் கூடாது."

மறுநாள் கடற்கரையில் கீரி மீனும் சூரையும் ஐஸுமாக ஏற்றினார்கள். பிக்கப்பின் பின்புறம் நன்றாகத் தாழ்ந்துவிட்டது. பிஸ்மில்லாஹ் சொல்லி, பயண துஆவை ஓதி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். சாய்ந்தமருதைத் தாண்டி, காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினோம். சம்மாந்துறை கழியும்வரை சனமும் சைக்கிளுமாக இருந்தது. அதற்கப்பால் இரண்டு பக்கமும் வயல், நேரான வீதி. அறுவடைக் காலம் என்பதால் சில இடங்களில் வீதியின் ஒரு பக்கத்தில் நெல் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள்.

"எழுவது" என்றேன். ஏற்றினார். ஒன்றுமில்லை.

"எம்பது."

முதலில் அது சத்தமாக வரவில்லை. உள்ளங்காலில் ஓர் அரிப்பாக வந்தது. பிறகு தண்ணீர்ப் போத்தலுக்குள் தண்ணீர் நடுங்கியது. அதற்குப் பிறகுதான் இருக்கைக்குக் கீழே டக், டக், டக் என்று அடிக்கத் தொடங்கியது. எனக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஸ்டியரிங் ஆடுதா?"

"இல்ல பாஸ். சீட்டிலதான்."

அப்படியானால் முன்சில்லு இல்லை. விரலைத் தூக்கினேன். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் அடங்கியது. வண்டி உருண்டது. டக், டக், டக். எங்கள் காலுக்குக் கீழே அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

"எஞ்சின் இல்ல" என்றேன்.

நௌஸாத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்! எஞ்சின் நல்லமா பாஸ்?"

அவருக்கு அது நல்ல செய்தி. எனக்குச் செங்கல் லொறி எழும்பியது கண்ணுக்கு முன்னால் வந்தது. எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இது சாஃப்ட், அறுந்தால் வண்டி நிற்காது. அது எந்த நிமிடத்தில் அறுகிற நிலையில் இருக்கிறது என்பது உட்கார்ந்திருக்கிற எங்கள் இருவருக்கும் தெரியாது. சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்தபோது வந்த பயம் மாதிரி, கண்டுபிடிக்கத் தெரியாமல் இருந்தபோதுகூட வரவில்லை.

அந்த நேரம் பார்த்து முன்னால் வீதியில் எங்கள் பக்கத்தில் நெல். இரண்டு பெண்கள் குனிந்து கிண்டிக்கொண்டிருந்தார்கள். எதிரே அம்பாறையிலிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது. நௌஸாத்தின் கால் பிரேக்குக்குப் போனது.

"இறுக்கிப் பிடிக்காதீங்க! மெதுவா, மெதுவா!"

பாரத்தோடு இறுக்கிப் பிடித்தால் பின்புறம் எழும்பும். சாஃப்ட் நிற்கிற கோணம் மாறும். இருக்கிற கொஞ்ச நஞ்சமும் கழன்றுவிடலாம். இதையெல்லாம் அப்போது விளக்க நேரம் இல்லை. "மெதுவா" என்பதையே கத்திக்கொண்டிருந்தேன். அவர் பிரேக்கை மெல்ல அமத்தினார். வேகம் குறையக் குறைய அடி கூடுவதுபோல இருந்தது. ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு மற்றவளை இழுத்துக்கொண்டு வயல் வரம்பில் பாய்ந்தாள். பஸ் ஹோர்னை அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரிக் கடந்தது. எங்கள் இடப்பக்கச் சில்லு நெல்லின் விளிம்பில் ஏறி இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு, சாகிற நேரம் நாவில் இருக்கவேண்டிய கலிமாவைச் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது வண்டி ஒரு மதகடியில் நின்றிருந்தது. பின்னால் அந்தப் பெண்கள் ஏசுகிற சத்தம் கேட்டது. அதைப்போல இனிமையான ஏச்சை நான் கேட்டதில்லை.

இறங்கிக் கீழே போகப் பார்த்தேன்.

"வேணாம் மாமா, மீன் தண்ணி. நான் போறன்."

"மாமா வரல்ல மகன். பாஸ்தான் வந்திரிக்கார்."

மல்லாக்கப் படுத்தேன். மேலே பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டியின் தளத்தில், முன்பக்கமாக, ஒரு துளை. அதிலிருந்து மீன் இரத்தம் கலந்த ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகள் விழுந்த இடம் சாஃப்ட்டின் நடு முட்டு. இரண்டு துண்டுக் குழாய்களையும் இணைக்கிற அந்தச் சிலுவை முட்டில் கிரீஸ் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. உப்பும் ஐஸ் தண்ணீரும் அதை எப்போதோ கரைத்துவிட்டன. மிச்சத்தை ஒவ்வொரு பின்னேரமும் பைப் அடித்துக் கழுவியது முடித்திருந்தது. பிடித்து ஆட்டினேன். மாட்டுக் கழுத்து மணிபோல ஆடியது. விரலில் சிவப்புத் தூள் ஒட்டிக்கொண்டது. வெறும் வண்டியில் பாரம் தாங்குகிற பின்புற வில் உயர்ந்து, சாஃப்ட் ஓரளவு நேராக நிற்கும், தேய்ந்த முட்டும் சமாளித்துக்கொள்ளும். பாரம் ஏறி வில் தாழ்ந்தால் சாஃப்ட் மடிந்து சுற்றவேண்டும். எண்பதைத் தாண்டினால் உதறத் தொடங்கும். எனக்கு வெறும் வண்டியைக் கழுவி, அறுபதில் காட்டினால் நான் எதைக் கேட்பது?

நௌஸாத்தும் பக்கத்தில் வந்து படுத்தார். அவருடைய கையைப் பிடித்து முட்டின்மேல் வைத்து ஆட்டிக் காட்டினேன். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இந்த ஓட்டைய ஆர் போட்ட?"

"நான்தான் பாஸ்."

"என்னத்துக்கு?"



"வந்த புதுசில, பின் கதவால மீன் தண்ணி ஒழுகி நம்மட படலையடியில ஊத்துண்டிச்சி. இலையான் மொய்க்கிதெண்டு மாமி ஒருநாள் பர்ஸானாக்கிட்டச் சொன்ன. அதுதான் பின்னுக்கு ரப்பர் அடிச்சி அடைச்சிட்டு, முன்னுக்கு ஓட்ட போட்டு ஒரு பைப் மாட்டின. பைப் எங்கயோ விழுந்திட்டு."

என் மனைவி ஒரு தடவை சொன்ன ஒரு வார்த்தை. அவளுக்கு அது ஞாபகம்கூட இருக்காது.

வெளியே வந்ததும் அவர் சட்டையில் தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நாப்பதுல மெதுவாப் போயிர்றன் பாஸ். மீன் பழுதாப் போகும். அங்க சந்தையில ஆக்கள் பாத்துட்டு நிப்பாங்க."

மறுபடியும் அதே அடக்கமான குரல். நாற்பது என்று சொன்னால் மாமா சம்மதிப்பார் என்று தெரிந்த குரல். நான் போய்ச் சாவியை எடுத்து என் மடியில் செருகிக்கொண்டேன். பயத்தை மறைக்க எனக்குத் தோன்றவில்லை.

"எனக்குப் பயமா இரிக்கி மகன்" என்றேன். "நான் பயந்தவன். ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும்தான் காட்டல்ல."

அவர் என்னை நேராகப் பார்த்தார். அவருடைய கண்களை நான் அப்படிப் பார்த்தது அன்றுதான். பிறகு மதகில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன், அவர் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும்தான் மாமா. மகா ஓயா கழிஞ்சி காட்டுக்குள்ள தனியாப் போகக்கொள்ள, சத்தம் கூடினா, கலிமாவ சொல்லிட்டுத்தான் ஓட்டுற. ஒவ்வொரு நாளும்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம் மாமா."

ஒவ்வொரு நாளும் என் வீட்டிலிருந்து புறப்பட்ட ஒரு பிள்ளை காட்டுக்குள் மௌத்துக்குத் தயாராகியிருக்கிறது. நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் எழும்பவில்லை.

போன் எடுத்ததும் இம்தியாஸ் ஆட்களோடு வந்தார். இழுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். இழுத்தாலும் சில்லோடு சாஃப்ட் சுற்றும், முதலில் அதைக் கழற்றுங்கள் என்றேன். போல்ட்டுகளை இளக்கிக்கொண்டிருந்தபோதே முட்டு தன் பாட்டில் பிரிந்து விழுந்தது. அதற்குள் இருக்கவேண்டிய ஊசிகள் எல்லாம் துருத் தூளாகிக் கொட்டின. இம்தியாஸ் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு துணியில் சுற்றிவைத்தார்.

"இன்னும் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் பாஸ்?" என்று நௌஸாத் கேட்டார்.

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. மீனைச் சம்மாந்துறையிலேயே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

முட்டு, நடுத் தாங்கி இரண்டையும் மாற்றி, சாஃப்ட்டைச் சமநிலை பார்த்து, துளையை ஒட்டி அடைத்தார்கள். தண்ணீர் பழையபடி பின்னால் ஒழுகவேண்டும் என்று நான்தான் சொன்னேன். நடந்ததை என் மனைவியிடம் சொன்னேன். மறுநாள் பின்னேரம் வண்டி வருகிற நேரத்துக்கு, அவள் படலையடியில், பின் கதவுக்கு நேரே ஒரு பழைய வாளியைக் கொண்டுபோய் வைத்தாள். இலையான் இன்னும் மொய்க்கிறது. அவளே விரட்டுகிறாள்.

இப்போது மஹியங்கனைக்குப் போய்ச் சேர்ந்ததும் நௌஸாத் பர்ஸானாவின் போனுக்கு எடுப்பதில்லை, என் போனுக்குத்தான் எடுக்கிறார். நாங்கள் இடியப்பத்துக்கு உட்கார்ந்திருப்போம்.

"வந்து சேந்துட்டன் மாமா."

"எத்தனையில போன?"

"அறுவதுல மாமா."

நான் இடியப்பத்தைப் பார்ப்பேன். இன்னும் சூடு ஆறியிருக்காது.

"மகன், பாஸ் கேக்கார்."



"எம்பத்தஞ்சு பாஸ்."

"சத்தம்?"

"இல்ல பாஸ். ஒண்டுமில்ல."

போனை வைத்த பிறகுதான், மேசைக்குக் கீழே என் வலது கால் தரையை அமத்திக்கொண்டிருப்பது எனக்குத் தெரியவரும். என் மனைவி குனிந்து அதைப் பார்ப்பாள். முந்தியைப்போலச் சிரிக்கமாட்டாள். அவளுடைய காலும் ஊன்றித்தான் இருக்கும்.